என் வீட்டுக்காரர் வாசலில் நிற்கிறார்

மைசூர் மார்க்கெட் வாசலில் மல்லிகை விற்கும் பெண் என்னை ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. எனக்கு முன்னால் போகிறவளை, "பன்னி அம்மா, ஹூவு தகொள்ளி" என்று பாதி எழுந்து நின்று, வந்து பூ வாங்கச் சொல்லிக் கன்னடத்தில் அழைப்பாள். எனக்குப் பின்னால் வருகிறவளுக்கு முழம் போட்டுக் காட்டுவாள். நான் அவள் கூடைக்கு நேராக வரும்போது மட்டும் குரல் நின்றுவிடும். குனிந்து பூவுக்குத் தண்ணீர் தெளிக்கத் தொடங்குவாள். எதையும் கிழமை போட்டு எழுதிவைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. இந்த ஊருக்கு வந்த முதல் மாதத்துக் குறிப்பில் பூக்காரியின் மௌனம் ஐந்து தடவை பதிவாகியிருக்கிறது: இரண்டு சனி, இரண்டு ஞாயிறு, ஒரு புதன். வெளியூர்க்காரி என்று முகத்திலேயே எழுதியிருக்கிறது போலும், அல்லது வாங்க வக்கில்லாதவள் என்று கணித்துவிட்டாள் போலும் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டுமே உண்மையாக இருந்ததால் மேற்கொண்டு யோசிக்கவில்லை.

நம் ஊரான மார்டள்ளியில் இருந்துகொண்டு இதைப் படிக்கிறவர்களுக்கும், என்னைப்போல மூட்டை கட்டிக்கொண்டு வெளியேறியவர்களுக்கும் முதலில் காலத்தைச் சொல்லிவிடுகிறேன். நாடு குடியரசான அடுத்த வருஷம், மே மாதம், ஒரு திங்கட்கிழமை நான் மைசூரில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். அப்போது நம் ஊர் சென்னை ராஜ்யத்தில் கோயமுத்தூர் ஜில்லா. மைசூர் வேறு ராஜ்யம். போன வருஷம் நவம்பரில் எல்லையை நகர்த்தி, நம் தாலுகாவையும் மைசூரோடு சேர்த்துவிட்டார்கள். ஆகவே நான் புலம்பெயர்ந்தவளா இல்லையா என்பதை இப்போது வரைபடத்தைப் பார்த்துத்தான் சொல்லவேண்டும். அன்று எனக்குச் சந்தேகமே இல்லை. என் கணவர் சவரிமுத்து ஓர் ஆஸ்பத்திரியில் காயங்களுக்குக் கட்டுப் போடும் வேலையில் இருந்தார். லஷ்கர் மொகல்லாவில் ஓர் ஒற்றை அறை. அவருடைய சம்பளம் ஒருவருக்குத்தான் காணும். நான் டீச்சர் பயிற்சி முடித்தவள் என்பதால் எனக்கும் வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கையில் மாமியார் என்னை அனுப்பிவைத்தார். அனுப்பும்போதே கெடுவும் வைத்தார்.

"ஆடி வெதைப்புக்குள்ள வேல கெடைக்கலீன்னா ஊட்டுக்கு வந்துரோணும். அவன் அங்கயே இருக்கட்டும். படிச்ச கையின்னா மம்பட்டி புடிக்காதா?"

மண்வெட்டி பிடிக்க எனக்கு வெட்கமில்லை, பிடித்திருக்கிறேன். கல்யாணமாகி முதல் வருஷம் முழுவதும் புருஷன் ஓர் ஊர், நான் ஓர் ஊர் என்று இருந்தாகிவிட்டது. இன்னொரு வருஷம் அப்படி இருக்க எனக்கு மனமில்லை. ஆடி பிறக்க ஏழு வாரம் இருந்தது. அதற்குள் இரண்டு பள்ளிகளில் பேட்டிக்குப் போனேன், இரண்டிலும் இல்லையென்றார்கள். மூன்றாவதாக அக்ரகாரத்தில், அந்தத் தெருப் பிராமணப் பெரியவர்களின் சபை நடத்தும் பெண்கள் மிடில் ஸ்கூலில், இங்கிலீஷும் கணக்கும் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும் என்று தெரிந்தது. புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு வரச்சொல்லிக் கார்டு வந்தது. ஆடிக்கு முன்னால் வேறு பேட்டி கிடைக்கப்போவதில்லை. இது போனால் நான் பஸ் ஏறவேண்டியதுதான்.

நல்ல அபிப்பிராயம் உண்டாக்குவது எப்படி என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது கோயமுத்தூர் கான்வென்ட். பயிற்சிப் பள்ளியில் எங்களை நடத்திய மதர் சுப்பீரியர் ஒரு டீச்சரின் உடம்பில் எதெல்லாம் இருக்கக்கூடாது என்பதற்கு நீண்ட பட்டியல் வைத்திருந்தார். தலையில் பூ கூடாது. பிள்ளைகள் உதிர்ந்த இதழைப் பொறுக்குவார்கள். கையில் கண்ணாடி வளையல் கூடாது. கரும்பலகையில் எழுதும்போது கலகலக்கும். கழுத்தில் உள்ள நகை ரவிக்கைக்குள் இருக்கவேண்டும். சேலை வெள்ளை, விரல் அகலத்துக்குக் கறுப்புக் கரை. "பிள்ளைகளின் கண் பலகையில் இருக்கவேண்டும், உன்மேல் அல்ல" என்பார். அந்த உடுப்பில் நாங்கள் முப்பது பேர் வரிசையாக மாதா கோவிலுக்குப் போகும்போது தெருவில் சைக்கிள்கள் ஒதுங்கி வழிவிடும். மார்டள்ளிக்குத் திரும்பி அதே சேலையில் நடந்தபோது, பீடி குடித்துக்கொண்டிருந்தவர்கள் பீடியைப் பின்னால் மறைத்தார்கள். ஊரிலும் கைம்பெண்கள் வெள்ளை உடுத்துவார்கள், தெரியாமலில்லை. அவர்கள் உடுத்துவது கரையில்லாத சேலை, ரவிக்கையும் கிடையாது. ரவிக்கையும் கரையும் இருந்தால் அது டீச்சரம்மா சேலை. எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்குக்கூட இந்த வித்தியாசம் தெரியும். தெரிந்த ஒன்று எல்லை தாண்டினாலும் செல்லும் என்று நினைத்தேன்.

பக்கத்து அறையில் இருந்த திரேசம்மா மைசூரிலேயே பிறந்த தமிழ்க் கிறிஸ்தவப் பெண். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வெறும் நெற்றியோடு வருவாள், மார்க்கெட்டுக்கு மட்டும் கடுகளவு சாந்துப் பொட்டு வைத்துக்கொண்டு போவாள். பேட்டிக்கு முந்தின நாள் நான் வெள்ளைச் சேலைக்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தபோது வந்து நின்றாள்.

"இதையா கட்டிட்டுப் போறே? என் நீலச் சேலை தர்றேன், கட்டிக்கோ. ஒரு சின்னப் பொட்டும் வெச்சுக்கோடி."

"பொட்டு எதுக்குக்கா? நான் என்ன வேதத்தை மறைச்சா வேலை வாங்கோணும்?"

"அய்யோ, வேதத்துக்கு யாருடி சொன்னாங்க? இந்த ஊர்ல... சும்னே கேளு கணே. ஹட மாடபேட."

"ஏன்னு சொல்லுங்க, கேக்கறேன்."

அவள் வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். "போடி, ஹடமாரி" என்று என் கன்னத்தில் இடித்துவிட்டுப் போனாள். ஹடம் என்றால் கன்னடத்தில் பிடிவாதம். அது எனக்கு உண்டு. எங்கள் வீட்டில் கிறிஸ்தவ வேதத்துக்கு வந்து மூன்று தலைமுறையாக யாரும் பொட்டு வைத்ததில்லை. ஒரு வேலைக்காக நான் தொடங்குவதாக இல்லை.

புதன்கிழமை காலையில் வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி அலமாரியில் வைத்தேன். சவரிமுத்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏம்புள்ள, வளையலயுமா?"

"போர்டுல எழுதிக்காட்டச் சொன்னா சத்தம் போடுமுங்க."

"என்னமோ போ. உங்க மதரு சொன்னா எங்கம்மா பேச்சுக்கூட எடுபடாது."

அவர் ஆஸ்பத்திரியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, என்னைச் சைக்கிளின் பின்னால் உட்காரவைத்து அக்ரகாரத்துக்கு ஒரு தெரு முன்னால் வரை கொண்டுவந்தார். கௌரவமாக இருக்கட்டும் என்று அங்கே இறங்கி நான் முன்னால் நடந்தேன். அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இருபதடி பின்னால் வந்தார். பள்ளிக்கூட வாசலில் ஒரு மரத்தடியில் நின்றுகொண்டார்.

பேட்டி எடுத்தவர்கள் இரண்டு பேர். சபையின் தலைவர், சரிகைப் பேட்டாத் தலைப்பாகையும் கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டும் அணிந்த முதியவர். மற்றவர் தலைமையாசிரியை. ஐம்பது வயதிருக்கும். என் சேலையைப் போலவே வெள்ளைச் சேலை, மெல்லிய கரை, கழுத்துவரை மூடிய ரவிக்கை. அவரைப் பார்த்ததும் எனக்குத் தைரியம் வந்தது. மதரின் பட்டியல் இங்கேயும் வந்துசேர்ந்திருக்கிறது என்று எண்ணி மகிழ்ந்தேன்.

எனக்கு முன்னால் போனவள் என்னைவிட இளையவள். பச்சைப் பட்டு, தலை நிறையப் பூ. அவள் முகம் வாடி வெளியே வந்தாள். நான் உள்ளே போனதும் தலைமையாசிரியை எழுந்தே வந்துவிட்டார். "பாம்மா, கூத்கோ" என்று உட்காரச் சொல்லி நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார். தலைவர் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கண்ணை மேஜைமேல் இருந்த காகிதத்துக்குக் கொண்டுபோனவர், பிறகு என் பக்கம் திரும்பவேயில்லை. கேள்விகளைக்கூட மைக்கூட்டைப் பார்த்துத்தான் கேட்டார். பேச்செல்லாம் கன்னடத்தில். நம் தாலுகாவில் வளர்ந்தவளுக்குக் கன்னடம் புதிதல்ல. என் கன்னடத்தில் தமிழ் வாடை அடித்தாலும் பிழை இருக்காது. அவர்கள் பேசியதை இங்கே தமிழிலேயே எழுதுகிறேன்.

வகுத்தல் கணக்கு ஒன்று போடச் சொன்னார்கள், போட்டேன். இங்கிலீஷ் வாசகம் ஒன்றைப் பலகையில் எழுதிச் சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல விளக்கச் சொன்னார்கள், விளக்கினேன். கை சத்தம் போடவில்லை. தலைமையாசிரியையின் முகம் மலர்ந்துகொண்டே வந்தது. கேட்காத சலுகைகளையும் அவராகவே சொல்லத் தொடங்கினார். பள்ளிக்கூடத்துப் பின்கட்டில் ஓர் அறை இருக்கிறது, வேண்டுமானால் தங்கலாம். சாயங்காலம் சமஸ்கிருதம் படிக்கலாம், அவரே சொல்லித்தருவார். "இங்கே உனக்கு எந்தக் குறையும் வராது. நானும் உன்னைப்போல இருபத்திரண்டு வயதில் வந்தவள்தான்." டீச்சராக வந்ததைச் சொல்கிறார் என்று நினைத்து நானும் சிரித்தேன். என் சிரிப்பு அவருக்குக் கொஞ்சம் அதிசயமாக இருந்திருக்க வேண்டும்.

"பார்த்தீர்களா ராயரே, பட்டு உடுத்திக்கொண்டு வந்தவள் நாளைக்குச் சீமந்தம் என்று லீவு கேட்பாள். இந்தப் பெண்ணுக்குப் பள்ளிக்கூடம்தான் குடும்பம்" என்றார் தலைவரிடம். தலைவர் தலையை ஆட்டிப் பேனாவை மையில் தோய்த்தார். அப்போதுதான் தலைமையாசிரியை என் கையைத் தம் கையில் எடுத்துக்கொண்டு, குரலைத் தணித்துக் கேட்டார்:

"சபைப் புத்தகத்தில் எழுதவேண்டும், தப்பாக நினைக்காதே அம்மா. உன் வீட்டு யஜமானர் காலமாகி எத்தனை வருஷம்?"

என் வெள்ளைச் சேலை, மூளியான கை, வெறும் நெற்றி எல்லாம் அந்த ஒரு நொடியில் எனக்கே தெரிந்தன. பூக்காரி ஏன் கூப்பிடவில்லை என்பதும், திரேசம்மா எதைச் சொல்ல வந்து விழுங்கினாள் என்பதும்கூட. இந்த ஊரில் இந்தத் தலைமையாசிரியையைப் போலப் படித்த கைம்பெண்கள் கரையும் ரவிக்கையும் அணிகிறார்கள். நாங்கள் டீச்சர் என்று படிக்கும் உடுப்பை இவர்கள் வேறாகப் படிக்கிறார்கள்.

தலைவரின் பேனா காகிதத்துக்குமேல் காத்திருந்தது. நான் சொல்லவேண்டியது ஒரே ஒரு எண். இரண்டு என்றாலும் போதும், மூன்று என்றாலும் போதும், வேலை என்னுடையது. ஆடி வரும், போகும், நான் மைசூரில் இருப்பேன். புருஷனோடு வாழ்வதற்காகத்தான் இந்த வேலை வேண்டும். அதைப் பெற அவரைக் காகிதத்தில் கொல்லவேண்டும். நான் தேதிகளைப் பிசகில்லாமல் எழுதிவைப்பவள். கிழமை தப்பினால் எனக்குத் தூக்கம் வராது. அவர்கள் கேட்ட தேதி என்னிடம் இல்லை.

"காலமாகவில்லை அம்மா. என் வீட்டுக்காரர் வாசலில் நிற்கிறார், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு."

"ராம ராம" என்றார் தலைவர். முதல் தடவையாக என் முகத்தை முழுதாகப் பார்த்தார். "அப்படியென்றால் இது என்ன வேஷம்? சுமங்கலி இப்படியா வருவாள்? எங்களை ஏமாற்ற நினைத்தாயா?"

"நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை ஐயா. நீங்களாகவே அவரை முடித்துவிட்டீர்கள்." ரவிக்கைக்குள் கைவிட்டுத் தாலியை வெளியே எடுத்துப் போட்டேன். புறா பொறித்த எங்கள் தாலி. "இது மாதா கோவிலில் பங்குச் சாமியார் மந்திரித்துக் கொடுத்து அவர் கட்டியது. வெள்ளை எங்களுக்குத் துக்கமில்லை. சின்னப் பிள்ளையில் முதல் நற்கருணை, புதுநன்மை வாங்கின அன்றும் வெள்ளைதான் உடுத்தினேன்."

"இருக்கலாம். ஆனால் இந்த இடம் ஆதரவில்லாத பெண்களுக்கென்று சபை வைத்திருப்பது."

"அப்படி ஒருத்தி வந்திருந்தால் அவளுக்கே கொடுங்கள். அவளிடமிருந்து பிடுங்க நான் வரவில்லை. யாரும் வரவில்லை என்றால், எனக்கு ஏன் இல்லை என்று எழுதிக் கொடுங்கள். தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு."

அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. இரண்டு பள்ளிகளில் வாய் பொத்தி நின்று வாங்கிவந்த 'இல்லை'கள் அதில் சேர்ந்திருக்கலாம். தலைவர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு தலைமையாசிரியை வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன், சிரித்துக்கொண்டிருந்தார்.

"என்னவென்று எழுதுவீர்கள் ராயரே? 'புருஷன் உயிரோடு இருக்கிற குற்றத்துக்காக' என்றா?"

சொல்லிவிட்டு எழுந்து விறுவிறுவென்று வாசலுக்குப் போனார். நான் பின்னால் ஓடினேன். மரத்தடியில் சவரிமுத்து சைக்கிளைச் சாய்த்துவைத்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தலைமையாசிரியை ஜன்னல் பக்கம் திரும்பிச் சொன்னார்: "இருக்கிறார் ராயரே! நன்றாகவே இருக்கிறார்!" சவரிமுத்துக்கு ஒன்றும் புரியவில்லை. வெற்றிலையை அவசரமாக விழுங்கிவிட்டு, "நமஸ்காரங்க" என்று கும்பிட்டார்.

ஒரு டெர்முக்கு மட்டும், தசரா விடுமுறை வரை, தற்காலிகமாக என்று எழுதிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு தொடர்வதைச் சபை முடிவு செய்யும். நிறச்சேலை உடுத்தி, வளையல் போட்டு, குங்குமம் வைத்துக்கொண்டு வரவேண்டும் என்றார் தலைவர். வளையல் போடுகிறேன், எனக்கே ஆசைதான் என்றேன். குங்குமம் எங்கள் வீட்டில் வழக்கமில்லை என்றேன். சேலையை மாற்ற மாட்டேன் என்றேன். வெளியே கட்ட இருப்பது இதுபோல இரண்டு வெள்ளைச் சேலைதான் என்று காரணம் சொன்னேன், அது உண்மை. சொல்லாத காரணம் ஒன்று உண்டு. அந்த மனிதர் அரைமணி நேரம் என் முகத்தைப் பார்க்காமல் மைக்கூட்டோடு பேசினாரே, தலைமையாசிரியையோடு எத்தனை வருஷமாக அப்படிப் பேசிக்கொண்டிருக்கிறார்? சுமங்கலி என்று தெரிந்ததும் என்னைப் பார்க்க அவருக்குக் கண் வந்துவிட்டது. நான் உடனே பச்சைச் சேலைக்கு ஓடினால் அவர் அதுவரை பார்க்காமல் இருந்தது சரி என்று ஆகிவிடும். பார்க்கட்டும். வெள்ளையையே பார்க்கட்டும்.

திரும்பும் வழியில் சவரிமுத்துவிடம் நடந்ததைச் சொன்னேன். சைக்கிள் ஒரு தடவை ஆடியது.

"என்னக் கொன்னாத்தான் வேலையின்னா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல புள்ள? நானே ரெண்டு நாளு படுத்துக் காட்டியிருப்பேன்."

"வாய மூடிட்டு மிதியுங்க."

திரேசம்மாவைப் பிடித்து உலுக்கினேன். "எப்படிடி சொல்றது? புருஷனோட நல்லா இருக்கறவளப் பாத்து அந்த வார்த்தைய வாயால சொல்லலாமா?" என்றாள். அவளும் நானும் ஒரே கோவிலில் ஒரே ஜெபம் சொல்கிறவர்கள்; கைம்பெண் என்ற அந்தச் சொல்லுக்கு மட்டும் அவள் மைசூர்க்காரி. பூக்காரிமேல் இருந்த கோபமும் அன்றோடு போயிற்று. கைம்பெண்ணைப் பூ வாங்கக் கூப்பிட்டு நோகடிக்கக்கூடாது என்று அவள் தலையைக் குனிந்திருக்கிறாள். அவளுக்குத் தெரிந்த மரியாதை அது.

ஆடி முதல் ஞாயிற்றுக்கிழமை, வேலை கிடைத்த செய்தியைச் சொல்ல இருவரும் மார்டள்ளிக்குப் போனோம். மாமியார் என்னை வாசலிலேயே நிறுத்தினார். கட்டைவிரலை நாக்கில் ஈரப்படுத்தி, என் நெற்றியின் நடுவில் அழுத்தித் தேய்த்து, விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அய்யருமாரு பள்ளிக்கோடத்துல பொட்டு வெச்சுக்கறயாமே, ஊரெல்லாம் பேச்சு." விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. மைசூரில் இல்லாததைத் தேடுகிறார்கள், மார்டள்ளியில் ஒட்டியிருக்குமோ என்று தேடுகிறார்கள். என் நெற்றி இரண்டு ஊருக்கும் நடுவில் கிடந்து தேய்கிறது. "நல்லாப் பாத்துக்கங்க அத்தை. இன்னொருக்கா தேய்க்கறதுன்னாலும் தேய்ங்க" என்றேன். அவர் உள்ளே போய்ச் சோற்றைப் போட்டார்.

தசராவில் சரஸ்வதி பூஜை அன்று பள்ளிக்கூடத்தில் டீச்சர்களுக்குத் தாம்பூலம் கொடுப்பது வழக்கம். தலைவரின் மனைவி வந்து கொடுப்பார். என்னைத் தொடர்ந்து வைத்துக்கொள்வதா என்று அன்று மாலைதான் சபை கூடி முடிவெடுக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஜன்னலோரமாகப் பாய் விரித்து மற்ற டீச்சர்கள் பட்டு உடுத்தி வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தலைமையாசிரியை எதிர்ப்பக்கத்தில், கதவோரம், தட்டு போகாத இடத்தில் தனியாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்து எல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். வருஷா வருஷம் அவருடைய இடம் அதுதானாம். நான் பாயைப் பார்த்தேன், நாற்காலியைப் பார்த்தேன். போய் அந்த நாற்காலியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டேன். "அங்கே போ, பைத்தியமே" என்று அவர் முணுமுணுத்தார். நான் போகவில்லை.

தலைவரின் மனைவி ஜன்னல் வரிசையை முடித்துவிட்டுத் தட்டோடு நிமிர்ந்து என்னைத் தேடினார். வெள்ளைச் சேலை, வெளியே தொங்கும் தாலி, கை நிறைய வளையல், வெறும் நெற்றி. அறையின் நடுவில் நின்றுவிட்டார். என்னிடம் வருவதா வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை. பாய் வரிசையில் யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் வந்தார். அவர் விரல் குங்குமச் சிமிழ்வரை போய் நின்றது. "குங்குமம் வேண்டாம் அம்மா. பூவும் வெற்றிலையும் எடுத்துக்கொள்கிறேன்" என்று சொல்லி எடுத்துக்கொண்டேன். அவர் நிம்மதியாகத் திரும்பப்போனார். நான் தட்டின் விளிம்பைப் பிடித்து, தலைமையாசிரியை பக்கமாகத் திருப்பினேன். மல்லிகை அவருடைய மடிக்கு நேராக வந்து நின்றது. அவர் அதைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். ஜன்னல் பக்கம் ஒரு வளையல்கூட அசையவில்லை. தட்டின் ஒரு விளிம்பு தலைவரின் மனைவி கையில், மறு விளிம்பு என் கையில். அவர் மெல்ல இழுத்தார். நான் விடவில்லை.